ஏறாத கண்ணாடி

உங்கள் வீட்டில் கார் உண்டா? அதுவும் பத்து வயதைத் தாண்டிய கார் என்றால் இதைப் படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போகலாம். கார் இல்லையென்றாலும் பாதகமில்லை, மாமியார் உண்டல்லவா? இதில் இரண்டைப் பற்றியும் வருகிறது.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் காரின் கதவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் கண்ணாடி இறங்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறும். சுற்றுவதற்கு எனக்கும் என் தம்பிக்கும் சண்டை நடக்கும். இப்போது அந்தச் சண்டைக்கு வழியில்லை. பொத்தானைத் தொட்டால் போதும், கண்ணாடி தானே இறங்குகிறது. இந்த வித்தை நேற்று வந்ததென்று நினைக்காதீர்கள். 1940-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பாக்கார்டு என்ற பெரிய மனிதர்களின் காரில் இது வந்துவிட்டது. நம் ஊர் நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கு வந்து சேர இன்னும் ஐம்பது வருஷம் பிடித்தது.

கைப்பிடியில் ஒரு சௌகரியம் இருந்தது. கண்ணாடி ஏறவில்லையென்றால் கோளாறு எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும். பிடி வழுக்குகிறதா, உள்ளே எதுவோ தடுக்கிறதா என்று சுற்றும்போதே புரியும். பொத்தான் அப்படியில்லை. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்காது. என்ன குறை என்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் காரை 2008-ல் வாங்கினோம். வாங்கியவர் என் கணவர். அவர் ஓட்டுவார், பக்கத்தில் இடது இருக்கை அவர் அம்மாவுக்கு, பின் இருக்கை எனக்கும் பையனுக்கும். பதினோரு வருஷம் இந்த ஏற்பாடு மாறவில்லை. 2019-ல் அவர் போய்விட்டார். கார் எட்டு மாதம் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. பிறகு ஒரு நாள், ஐம்பத்து மூன்று வயதில், ஓட்டக் கற்றுக்கொள்வதென்று தீர்மானித்தேன். என் மாமியார் அன்று என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லைசென்சு வந்த தினம் மட்டும், புடவையை மாற்றிக்கொண்டு வந்து, தாமே கதவைத் திறந்து, தம் இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. முழங்கால் வலி. நங்கநல்லூரிலிருந்து வேளச்சேரிக்கு வாரம் இரண்டு முறை தேகப்பயிற்சி வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆட்டோவில் குலுக்கல் தாங்காது. வாடகைக் காரில் ஏ.சி. போட்டுவிடுவார்கள், அந்தக் குளிர் அவருக்கு நெஞ்சை அடைக்கும். எங்கள் காரில்தான் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, "இந்த இடத்தில் முன்னெல்லாம் ஏரிதான் இருந்தது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டு வருவார். ஆகவே அந்த இடது ஜன்னல் எங்கள் வீட்டில் சாதாரண ஜன்னல் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2024-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். மழை வரப்போகிறது என்ற பயத்தில் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, பத்திரிகைகளில்கூடப் படம் வந்ததே, அதற்கு அடுத்த வாரம். வைத்தியத்துக்குப் போகும் வழியில் அம்மா வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினார். திரும்பி வந்ததும் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. என் பக்கத்துக் கதவில் நான்கு கண்ணாடிகளுக்கும் பொத்தான்கள் உண்டு. நான் அமுக்கிப் பார்த்தேன். அதிலும் ஏறவில்லை. 'டிக்' என்ற சத்தமாவது வரவேண்டுமே, அதுவும் இல்லை.

அன்றிரவு கதவுக்கு ஒரு பாலிதீன் தாளைக் கட்டினேன். மாவு சலித்த முறத்துக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது.

ஒர்க் ஷாப்புக்குப் போனேன். எந்த ஒர்க் ஷாப் என்று கேட்காதீர்கள். போனதும் கேட்ட முதல் கேள்வி: "சார் வரலைங்களா?"

"சார் வரமாட்டார். கண்ணாடி ஏறவில்லை."

மெக்கானிக் இரண்டு தரம் பொத்தானை அமுக்கினார். "ஸ்விட்ச் போயிடுச்சும்மா" என்றார். இடது கதவுக்குப் புது ஸ்விட்ச் 1,150 ரூபாய். போட்டார். கண்ணாடி ஏறவில்லை. "அப்ப மோட்டார்தான். மோட்டாரும் மிஷினும் சேர்த்துத்தான் வரும். கூலியோட 4,800 ஆகும்" என்றார்.

"இறங்குகிறதே? மோட்டார் கெட்டுப் போயிருந்தால் எப்படி இறங்கும்?" என்று கேட்டேன்.

"இறங்கறதுக்குப் பலம் வேணாம்மா. ஏறத்தான் பலம் வேணும். மோட்டார் வீக் ஆயிடுச்சு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாடிப்படி இறங்கும்போது எனக்கும் மூச்சு வாங்குவதில்லை. அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சாமானை மாற்றினால் அவருக்குக் காசு. கோளாறு எங்கே என்று மூன்று மணி நேரம் தேடினால் அந்த மூன்று மணிக்கு யார் காசு கொடுக்கிறோம்? நாமே சொல்லுவோம், "சும்மா பார்த்ததற்கா கூலி?" என்று.

பெங்களூரிலிருக்கும் பையனிடம் போனில் சொன்னேன். "வித்துடும்மா. பதினாறு வருஷத்துக் காருக்கு இன்னும் செலவு பண்ணுவாங்களா? ஞாயித்துக்கிழமை நான் வரேன். ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்; அவரையும் வரச் சொல்றேன்" என்றான். 2023-ல் பதினைந்து வருஷக் கெடு முடிந்தபோது அலைந்து திரிந்து, மேற்கொண்டு ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தவள் நான். 2028 வரையில் ஓடலாம் என்று சர்க்காரே சொன்ன காரை, ஒரு கண்ணாடி ஏறாததற்காக விற்பதா? ஆனால் பையன் குரலில் அக்கறை இருந்தது. "சரி" என்றேன். அம்மாவிடம் சொன்னபோது, "அவன் சொன்னால் சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜபமாலையை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் காபி வேண்டாமென்றார்.

அது செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இடைவெளி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமா இருக்கிறார். தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கம்பி சம்பந்தமான எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவோம். புதன்கிழமை அவர் வந்தார். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு முழம் ஒயர், கார் பின்விளக்குப் பல்பு ஒன்றில் இரண்டு கம்பியைப் பற்றவைத்துத் தாமே செய்த சோதனை விளக்கு, இவ்வளவுதான்.

"எது வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சொல்லுவார்கள். எது எது வேலை செய்கிறது, அதைச் சொல்" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். மற்ற மூன்று கண்ணாடிகளும் நன்றாக ஏறி இறங்குகின்றன. இடது கண்ணாடி, அதன் கதவிலிருக்கும் பொத்தானால் இறங்குகிறது, ஏறவில்லை. என் பக்கத்துப் பொத்தானாலோ இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"சபாஷ். பாதி வேலை முடிந்தது" என்றார்.

மற்ற மூன்றும் வேலை செய்வதால் பியூஸைச் சந்தேகிக்க வேண்டாம், ரிலேயைச் சந்தேகிக்க வேண்டாம் என்று விளக்கினார். நான்கும் சேர்ந்து படுத்துக்கொண்டால்தான் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். (பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். பெரிய அளவு போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும் காருக்குக் கொள்ளி வைக்கிற காரியம்.) இன்னொன்றும் கேட்டார்: "பூட்டுப் பொத்தானைப் பார்த்தாயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டுகிறவர் பக்கத்தில் குழந்தைகளுக்காக ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் மற்றக் கதவுகளிலுள்ள பொத்தான்கள் செத்துவிடும். 2011-ல் என் பையன் விளையாட்டாக அதை அமுக்கிவிட, என் கணவர் மூன்று கண்ணாடியும் போச்சு என்று பதறிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போனார். அங்கே ஒரு பையன் ஒரு விரலால் அதைச் சரி செய்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவேயில்லை. ஆகவே எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பொத்தானை மறப்பதில்லை.

"கதவுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? கிணறும் ராட்டினமும்தான்" என்றார் மாமா. கண்ணாடிதான் வாளி. இரும்புக் கயிறு ஒன்று ராட்டினத்தின் மேல் ஓடுகிறது. இழுக்கிற ஆள் மோட்டார். கயிறு அறுந்தால் மோட்டார் 'ஙொய்' என்று சுற்றும், கண்ணாடி மட்டும் நகராது. சில சமயம் பொத்தென்று கதவுக்குள் விழுந்துவிடும். கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங் காய்ந்து போனால் முனகிக்கொண்டு மெதுவாக ஏறும். அதற்குச் சிலிகோன் ஸ்பிரே போதும், எண்ணெயும் கிரீசும் ரப்பரைக் கெடுத்துவிடும். மோட்டாருக்குள்ளே கார்பன் தேய்ந்து போயிருந்தால், பொத்தானை அமுக்கிக்கொண்டே கதவின் உட்புறத்தை முஷ்டியால் தட்டினால் சில சமயம் தூக்கம் கலைந்து ஓடும். எங்கள் கண்ணாடி இந்த மூன்றிலும் சேரவில்லை. தட்டியும் பார்த்தோம். மௌனம்.

பிறகு அவர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காசு செலவில்லை. நீங்களும் செய்து பார்க்கலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் என்னைக் காரில் உட்காரச் சொன்னார். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், காரின் கூரை விளக்கைப் போடச் சொன்னார். "ஒழுங்காக ஓடுகிற பின்கண்ணாடியை ஏற்று. விளக்கைப் பார்" என்றார். ஏற்றினேன். மோட்டார் ஓடுகிறவரையில் விளக்கு ஒரு சுற்று மங்கியது. மோட்டார் மின்சாரத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். "இப்போது இடது கண்ணாடியை இறக்கு." மங்கியது. "ஏற்று." அமுக்கினேன். விளக்கு அசையவேயில்லை. குத்துவிளக்குச் சுடர் மாதிரி நின்றது.

"பலமில்லாத ஆளானாலும் கயிற்றைப் பிடித்து இழுக்கத்தான் இழுப்பான், மூச்சு வாங்கும், விளக்கு மங்கும். இங்கே ஆள் கயிற்றைத் தொடவேயில்லை. அவனுக்குச் சேதியே போகவில்லை. மோட்டார் வீக் என்று யார் சொன்னது?" என்றார்.

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் என் மடியில் திரும்பி வந்து விழுந்த மாதிரி இருந்தது.

ஆனால் சேதி எங்கே நின்றுபோகிறது? இதற்கு ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு ஸ்விட்ச் இருப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது கஷ்டமில்லை. மோட்டாருக்கு இரண்டு ஒயர்கள். மின்சாரம் முதல் ஒயரில் போய் இரண்டாவதில் திரும்பினால் கண்ணாடி ஏறும். இரண்டாவதில் போய் முதலாவதில் திரும்பினால் இறங்கும். போனால் மட்டும் போதாது, திரும்பவும் வழி வேண்டும். எங்கள் கார் மாதிரி பல பழைய கார்களில், இடது பொத்தானை அமுக்கினாலும் திரும்பும் வழி ஓட்டுகிறவர் கதவிலுள்ள பெரிய ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. அம்மா தம் பொத்தானை அமுக்கினாலும், மின்சாரம் என் கதவுக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டுதான் ஊருக்குப் போகும். (இப்போது வரும் புதுக் கார்கள் பலவற்றில் இதையெல்லாம் ஒரு சிறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு வைத்தியம் வேறு.)

ஆக, இரண்டு ஒயரில் ஒன்று வழியில் எங்கேயோ அறுந்திருந்தால்? அம்மாவின் பொத்தானால் ஒரு பக்கம் மட்டும் ஓடும். என் பொத்தானால் இரண்டு பக்கமும் ஓடாது. நாங்கள் பார்த்தது எழுத்துக்கு எழுத்து அதுதான்!

மாமா கதவின் உள் அட்டையைக் கழற்றினார். ஸ்விட்சுக்குப் போகும் கப்ளரில் சோதனை விளக்கை வைத்துப் பார்த்து, சந்தேகத்துக்குரிய ஒயரைக் கண்டுபிடித்தார். பிறகு தம் முழ ஒயரின் ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையைக் காரின் இரும்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அம்மா பொத்தானை அமுக்கு. உன் பக்கத்துப் பொத்தானைத் தொட்டுவிடாதே, பியூஸ் போய்விடும்" என்றார்.

கண்ணாடி சர்ரென்று ஏறி மேலே போய் உட்கார்ந்தது!

எனக்கு ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டு நாளாக அது ஏறவில்லை. கண்ணாடி ஏறியதற்கு யாராவது அழுவார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

மோட்டார் நல்ல மோட்டார், ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச். திரும்பும் வழியில்தான் எங்கேயோ பாலம் உடைந்திருக்கிறது. கதவுக்கும் காருக்கும் நடுவில், கீல் பக்கத்தில், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழல் இருக்கும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரியும். ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடங்கி நிமிர்கின்றன. மாமா இடது கதவின் குழலைப் பிரித்துப் பார்த்தார். எல்லா ஒயரும் புத்தம்புதிதாக இருந்தன. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. "மற்றதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்கலாம், நாளைக்கு எனக்கு ஒரு கிரகப்பிரவேசம்" என்று சொல்லி, கண்ணாடியை ஏறிய நிலையிலேயே விட்டு, ஒயரை எடுத்துவிட்டு, அட்டையை மாட்டிக் கொடுத்தார். "யாரும் இதைத் தொடவேண்டாம்" என்று எச்சரிக்கையும் செய்தார்.

வெள்ளிக்கிழமை காலை வைத்தியத்துக்குப் புறப்பட்டோம். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"என்னம்மா இது! தொடவேண்டாம் என்று மாமா சொன்னாரே!"

"சரி பண்ணிட்டார்னு நெனச்சேன். புழுக்கமா இருந்தது" என்றார் குழந்தை மாதிரி.

வேளச்சேரியை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது! அம்மாவின் இடது தோள் முழுவதும் நனைந்தது. என் துப்பட்டாவைக் கொடுத்தேன், அதுவும் நனைந்தது. வைத்தியசாலை வாசலில் நிறுத்தினேன். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல், பின் இருக்கைக் குடையை எட்டி எடுத்து, என் பக்கத்துக் கதவைப் பாதி திறந்து குடையை விரிக்க முயன்றேன். அம்மா சும்மா இருக்கவில்லை. "பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா" என்று சொல்லிக்கொண்டு பொத்தானை அமுக்கியபடியே இருந்தார்.

கண்ணாடி ஏறியது.

பாதி வரையில் ஏறி நின்றுவிட்டது. ஏனென்றால், திகைப்பில் நான் கதவைச் சாத்திவிட்டேன்.

"பார்த்தாயா! பிள்ளையார் கேட்டுவிட்டார்!" என்றார் அம்மா.

"அம்மா, இன்னொரு தடவை அமுக்குங்கள். கையை மட்டும் கண்ணாடிக்கு மேலே வைக்காதீர்கள்" என்றேன். கதவு சாத்தியிருக்கும்போது ஏறவில்லை. என் கதவைப் பாதி திறந்தேன், ஏறியது. சாத்தினேன், நின்றது. திறந்தேன்; முழுவதும் ஏறி மூடிக்கொண்டது. மழையில் என் முதுகு நனைகிறது, பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அலற விடுகிறார், நான் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். வாசலிலிருந்த காவலாளி என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ!

இங்கே ஒரு வார்த்தை. கையை வைக்காதீர்கள் என்று நான் சொன்னது விளையாட்டுக்கல்ல. இந்த வயதுக் கார்களில் பெரும்பாலானவற்றின் கண்ணாடிக்கு, நடுவில் விரல் இருந்தாலும் கழுத்து இருந்தாலும் தெரியாது. பொத்தான் அமுங்கியிருக்கும் வரையில் ஏறும். கோளாறுள்ள கண்ணாடி எப்போது உயிர் பெறும் என்பதும் தெரியாது. குழந்தைகள் காரில் இருக்கும்போது பூட்டுப் பொத்தானைப் போட்டுவிடுங்கள். ஒரு நிமிஷம் கடைக்குள் போவதானாலும் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள்.

மாமாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தக் கதவை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடியிருப்போம்? ஓட்டுகிறவர் கதவைத்தானே! காரில் நான்கு பேர் போனாலும் சரி, ஒருவர் போனாலும் சரி, அந்தக் கதவு திறந்துதானே ஆகவேண்டும்? புதன்கிழமையே அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். கோளாறு இடது பக்கம் என்றதும் புத்தியும் இடது பக்கமே போய்விட்டது" என்றார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் கதவைப் பார்த்தேன். பதினோரு வருஷம் அவர் திறந்து மூடிய கதவு. காலையில் ஆபீசுக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்; நடுவில் காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் டாக்டர் வீட்டுக்கும். அதற்கப்புறம் நான். அந்த ஒயர் அத்தனை தடவை மடங்கி நிமிர்ந்திருக்கிறது.

சாயங்காலம் மாமா பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்துக் குழலைப் பிரித்தார். ஒரு பச்சை ஒயர். மேலே தோல் நன்றாகத்தான் இருந்தது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தபோது மட்டும் ஓரிடத்தில் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு துண்டாகிவிட்டிருக்கிறது. கதவு சாத்தியிருக்கும்போது இரண்டு நுனியும் விலகிவிடும். பாதி திறந்தால் ஒன்றையொன்று தொடும். பக்கத்திலேயே இன்னொரு ஒயரின் தோலும் வெடிக்க ஆரம்பித்திருந்தது; அது பின்கண்ணாடியினுடையது.

அறுந்த இடத்தில் முறுக்கி டேப்பைச் சுற்றிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். மாமா விடவில்லை. "முறுக்கினால் இரண்டு மாதம். மடங்குகிற இடத்தில் ஒட்டு இருக்கவே கூடாது" என்றார். பழுதான பகுதியையே நறுக்கி எறிந்துவிட்டு, நெளியக்கூடிய, அதே கனமுள்ள புது ஒயரைத் தாராளமான நீளத்துக்கு வைத்து, ஒட்டு இரண்டும் குழலுக்கு வெளியே வரும்படி ஈயம் பற்றவைத்து, மேலே ஸ்லீவைச் சுட்டு இறுக்கினார். இரண்டு ஒயருக்கும் செய்தார். ஒயரும் ஸ்லீவும் ஈயமும் சேர்த்து 95 ரூபாய். கூலி வாங்க மாட்டேனென்றார். மறுநாள் ஒரு தூக்கு நிறைய சேமியா பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். காரைப் பார்க்க வந்தவரும் வந்தார். நல்ல மனிதர். காரைச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, "கண்ணாடி ஒண்ணு ஏறலைன்னாரே, அதுக்கு ஒரு எட்டாயிரம் குறைச்சுக்கலாமா?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாசல் திண்ணையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, இடது கதவைத் திறந்து தம் இருக்கையில் உட்கார்ந்தார். "சாவியைப் போடுடீம்மா" என்றார் என்னிடம்.

போட்டேன். கண்ணாடியை இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கி முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"விக்கிறதா இல்லீங்களா?" என்று கேட்டார் வந்தவர்.

"இல்லை. ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. காபி சாப்பிட்டு அவர் போன பிறகு வாசலுக்கு வந்து, அப்பா உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து மூடி, அந்த ரப்பர் குழலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த ஒயர்ம்மா?" என்று கேட்டான். காட்டினேன்.

இது நடந்த பிறகு அம்மாவுக்கு அந்தப் பொத்தானின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. வேளச்சேரி போய்ச் சேருவதற்குள் பத்துத் தடவையாவது ஏற்றி இறக்குகிறார். "போதும் அம்மா, விடாமல் அமுக்கினால் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும், ஆறின பிறகுதான் ஓடும்" என்று சொன்னால், "சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்கிறார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாகிவிட்டது. மாமாவுக்கு அதில் ஒரு மூடி போயிற்று.

போன வாரத்திலிருந்து பின்பக்கம் வலது கண்ணாடி ஏறும்போது ஒரு முனகல் கேட்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், நன்றாக மங்குகிறது. பீடிங்தான் காய்ந்திருக்க வேண்டும். சிலிகோன் ஸ்பிரே வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், நானே அடித்துவிடலாமென்று இருக்கிறேன்.